வெயிலில் ஆடிய வைப்பர்

பச்சைத் தேயிலை விலை அடிமட்டத்தில் கிடந்த வருஷம் அது. விலை இறங்கினாலும் இலை வாங்கும் ஏஜென்ட்டின் கெத்து இறங்கக்கூடாதே என்று குழந்தைவேலு புதுக் கார் வாங்கினார். எதிரே காட்டெருமை நின்றால் கார் தானே பிரேக் போடும். தூறல் விழுந்தால் தானே கண்ணாடியைத் துடைக்கும்.

அன்று கோத்தகிரியில் சுள்ளென்று வெயில். இலை எடை போடும் கொட்டகை முன் கார் நின்றதும், வைப்பர் இரண்டும் காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தன. குழந்தைவேலு கைக்கு அகப்பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினார். பாட்டுத்தான் அலறியது. வைப்பர் நிற்கவில்லை.

மூட்டைகளோடு வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"சனியனே, சொட்டு மழை இல்ல! எதைப் பாத்து ஆடுற?" என்று காரைத் திட்டினார்.

அரை ஏக்கர் தோட்டக்காரி பாலாமணி முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, பாவம், அதைத் திட்டாதீங்க. நேத்தும் இதே வெயிலுதானுங்க. இலை ஈரம்னு மூட்டைக்கு மூணு கிலோ கழிச்சீங்களே, அது எந்த மழைங்க?"

கொட்டகையே சிரித்தது. குழந்தைவேலு தலையில் அடித்துக்கொண்டார். இல்லாத மழையைக் கண்டுபிடிக்க, தான் ஒருவன் இருக்கும்போது, இதற்குப் போய் இத்தனை லட்சத்தைக் கொட்டினோமே!