மூன்று பிடி மண்

சனிக்கிழமை என்றால் ரெஜிஷாவுக்குத் தூங்குகிற நாள். வாரம் முழுக்க இறால் கம்பெனியில் நின்றபடி தோல் உரித்த கால் அன்றைக்குத்தான் கொஞ்சம் வீக்கம் வடியும். அந்த நாளில் போய், பள்ளிக்கூடத்தில் கொடுத்த நோட்டீஸை நீட்டி, பழைய கல்லும் எலும்பும் வைத்திருக்கிற வீட்டுக்குக் கூட்டிப்போ என்று மகள் சுஜி நச்சரித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? வேறு சமயமாக இருந்தால் ஓர் அதட்டு அதட்டிவிட்டுப் பாயை விரித்திருப்பாள். இந்த வாரம் முடியவில்லை. பிள்ளையிடம் சொல்லவேண்டிய ஒன்று தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. வெளியே எங்காவது போனால் வரும் என்று நினைத்தாள்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலையில் சுஜியின் அப்பாவைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள்.

இதில் யாரையும் நொந்து பயனில்லை. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அவர்களுடைய ஊரில் ஆட்கள் ஏராளம், கல்லறைத் தோட்டம் கையகலம். புதைத்துச் சில வருடம் ஆனால் குழியைத் திறந்து, எலும்பை எடுத்து, மூலையில் இருக்கிற பொதுக் குழியில் சேர்த்துவிட்டு, இடத்தை அடுத்தவருக்கு விடுவார்கள். வள்ளம் வைத்திருந்தவனுக்கும் அதுதான், வலை இழுத்தவனுக்கும் அதுதான். போன ஞாயிறு பூசை முடிந்ததும் எந்த வரிசை என்று வாசித்தார்கள். அந்த வரிசையில் ஷிஜின் இருந்தான்.

மஞ்சள்காமாலை முற்றி ஷிஜின் போனபோது சுஜி தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்பா என்றால் முகமில்லை, குரலில்லை. கடற்காற்றில் வெள்ளைப் பூச்சு உதிர்ந்த ஒரு சிலுவையும் அதன்முன் கொஞ்சம் மண்ணும்தான். முதல் பல் விழுந்தபோது அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் அந்தச் சிலுவைக்குக் காட்டிவிட்டு வந்த பிள்ளை அது. கல்லறைத் திருநாளுக்கு இந்த வருடம் என்ன பூ வைப்பது என்று இப்போதே தீர்மானித்திருந்தாள். வாடாமல்லியாம். அந்த மண்ணும் போகப் போகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

ஷிஜினின் தம்பி லிஜோ ஒரு வழி சொன்னான். "மைனி, நீங்க வரண்டாம். பாத்தா தாங்க மாட்டிய. நான் நின்னுக்கிடுதேன். பிள்ளைட்ட பிறகு பைய சொல்லுவோம்." ரெஜிஷா சரி என்றாள். நல்லவேளை என்றுகூட அவளுக்கு இருந்தது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தாத்தாவை எடுத்தபோது, குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். எதன்மேலோ பட்டு ணங்கென்று சத்தம் வந்தது. கிடைத்ததை மண்ணோடு வாரி உரச்சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்தை ஷிஜினிடமிருந்து கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

ஷிஜினுக்கு உடம்பெல்லாம் கூச்சம். முடி வெட்டிவிட்டு பார்பர் கழுத்தைப் பிரஷ்ஷால் தட்டினாலே கடை அதிரச் சிரிப்பான்.

நாகர்கோவில் போய், பஸ் மாறி, சுசீந்திரத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று ரெஜிஷா நினைத்திருந்தாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சுஜி வாய் ஓயாமல் பேசினாள். பிறகு, வயல்வரப்பை ஒட்டி நடக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிவைத்தாள். நடக்கும்போது கால் வலித்தது. நாளை என்று ஆறப்போட நாளையைத் தவிர நாளும் இல்லை.

அந்த வீடு முருகதாஸ் என்பவருடையது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பெனி வேலையாக ஊர் ஊராகப் போய், போன இடத்திலெல்லாம் கல் பொறுக்கினவர். ஓய்வு பெற்றதும் வீட்டின் முன்பாதியை அதற்கே விட்டுவிட்டார். பின்பாதியில் அவரும் மனைவி சண்முகவடிவும் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். அன்றைக்கு முருகதாஸுக்கு முட்டுவலி. எனவே சண்முகவடிவுதான் கல் பார்க்க வந்தவர்களைக் கவனித்தாள். ஊரில் மற்றவர்களெல்லாம் பெண்டாட்டிக்கு நகை சேர்த்தார்கள், தன் வீட்டுக்காரர் தனக்குத் தூசி தட்டுகிற வேலை சேர்த்தார் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். அவள் குரலிலும் சனிக்கிழமையின் அலுப்பு இருந்தது. ரெஜிஷாவுக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

'தயவுசெய்து தொடுங்கள்' என்று சுவரில் எழுதியிருந்தது. சுஜிக்கு அது போதுமே. கல்லாகிப்போன மரத்தைத் தடவினாள், அதன் வளையங்களை நகத்தால் கீறினாள். அரியலூர்ப் பக்கம் கிடைத்த, சங்குபோலச் சுருண்ட கல்லைக் காதில் வைத்துக் கடல் கேட்கிறதா என்று பார்த்தாள். அங்கெல்லாம் ஒரு காலத்தில் கடல் இருந்ததாகச் சண்முகவடிவு சொன்னதும், "அப்பம் அங்க மீன்பிடிக்காரங்க எங்க போனாவ?" என்று கேட்டாள். அப்போது மனிதனே கிடையாது என்ற பதிலில் அவளுக்கு அவ்வளவு திருப்தியில்லை.

ரெஜிஷா எதையும் தொடவில்லை. ஒரு பழைய பானைத் துண்டைச் சண்முகவடிவு அவளிடம் நீட்டினாள். இறால் முள் குத்திக் குத்திப் புண்ணான விரல்களை ரெஜிஷா துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அது. கை மணக்கும் அக்கா, என்றாள். சண்முகவடிவு வற்புறுத்தாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தும் ரெஜிஷா உட்கார்ந்தாள்.

பின்முற்றத்தில் செங்கல் கட்டி மணல் நிரப்பிய ஒரு பெரிய குழி இருந்தது. பிள்ளைகள் இறங்கித் தோண்டிப் பார்க்கவேண்டியது. உள்ளே பானைத் துண்டு, பாசிமணி, இன்னும் என்னென்னவோ புதைத்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு கரண்டியும் பிரஷ்ஷும் கொடுத்தார்கள். மண்ணை வெட்டக் கூடாது, துடைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நாகர்கோவிலிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். சுஜி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். நிழலில் உட்கார்ந்திருந்த ரெஜிஷாவுக்குக் கண் சொருகியது.

பிள்ளைகளின் கூச்சலில் விழித்துக்கொண்டாள். சுஜியின் மூலையில் ஒரு மண்டையோடு தெரிந்தது. அதன்கீழே தோள், விலாவரிசை. எல்லாம் பிளாஸ்டரில் வார்த்ததுதான். அதுதான் அந்தக் குழியின் பரிசு, அதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை பேரும் முட்டிமோதினார்கள். கண்டுபிடித்தவள் என்ன செய்தாள் தெரியுமா? முழங்காலிட்டுச் சிலுவை போட்டாள். மண்ணை ஒரு பிடி அள்ளி அதன்மேல் போட்டாள். இன்னொரு பிடி. மூன்றாவது பிடியும் போட்டுவிட்டு, ரெண்டு கையாலும் மணலை வாரி நிரவி, எல்லாவற்றையும் மூடிவிட்டாள். ஊரில் எத்தனையோ அடக்கத்தில் அவள் பார்த்தது அதுதான். குழிக்குள் ஓர் ஆள் கிடந்தால் மண்ணிடவேண்டும். வேறென்ன செய்வார்கள்?

கார் வீட்டுப் பையன் அழுதான். அவனுடைய அம்மா ரெஜிஷாவைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை வளர்த்த லட்சணம் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. சண்முகவடிவு தலையில் கைவைத்தாள். இவ்வளவு நேரம் தோண்டினதை மூடுவார்களா, இது திறந்து பார்க்கிற இடமில்லையா என்று கேட்டாள். ரெஜிஷாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழுந்து ஓடினாள். ரெண்டு அடி போடலாம் என்றுதான் ஓடினாள்.

அதற்குள் சுஜி சண்முகவடிவிடம் கேட்டாள். "தெறந்து எடுக்கும்போ இவியளுக்க வீட்டு ஆளு யாராம் பக்கத்துல நிக்கணும்லா?"

சண்முகவடிவு குழியோரத்தில் மெல்லக் குந்தினாள். "இது செஞ்சு வச்சதும்மா. நெசமா எடுத்த எடத்துலயும் யாரும் நிக்கல. எவ்வளவு காலம் ஆச்சு. வீட்டு ஆளுன்னு யாரு மிச்சம் இருப்பா?"

சுஜி மணலைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இருந்தது. "அப்பம் நான் நிக்கேன்," என்றாள். பிரஷ்ஷை எடுத்து, தான் மூடியதைத் தானே மறுபடி துடைக்கத் தொடங்கினாள். நெற்றியில் இருந்து ஆரம்பித்தாள். கண்குழியில் இருந்த மணலை வாயால் ஊதினாள். தூங்குகிற ஆளின் முகத்தில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுகிற மாதிரி அவ்வளவு பையச் செய்தாள்.

ரெஜிஷாவுக்கு ஓங்கிய கை இறங்கிவிட்டது. யாரோ ஒரு பிளாஸ்டர் பொம்மைக்கு இந்தப் பிள்ளை வீட்டு ஆளாக நிற்கிறது. அவளோ சொந்தப் புருஷனுக்கு நிற்கப் பயந்தாள். லிஜோ வேண்டாம் என்றதும் அப்பாடா என்று இருந்ததே, அதை நினைத்து அவளுக்கு அழுகை முட்டியது. அவள் செங்கல் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சுஜி," என்றாள். "திங்கக்கெழம காலத்த அப்பாவ எடுக்காவ மக்கா."

சொல்லிவிட்டாள். வாரம் முழுக்கத் தூக்கிச் சுமந்தது இவ்வளவு சின்னதாக இருந்தது.

சுஜியின் கை நின்றது. "எல்லாரையும் எடுப்பாவல்லா," என்றாள். கல்லறைத் தோட்டத்து மதிலேறி விளையாடுகிற பிள்ளைக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தது ரெஜிஷாவின் மடத்தனம். சுஜி அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். பிறகு, "அப்பாக்க பல்லு இருக்குமா?" என்று கேட்டாள்.

இருக்கும் என்றாள் ரெஜிஷா.

'தொடுங்கள்' என்று எழுதியிருந்த சுவர்ப்பக்கம் சுஜி பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள். "நான் அப்பாவத் தொடலாமா?"

சுஜி அறிந்து அவனைத் தொட்டதே இல்லை. ரெஜிஷாவுக்கு அது இதுவரை உறைத்ததில்லை. தனக்காவது தொட்ட நினைவு இருக்கிறது, குறைப்பட்டுக்கொள்ளவாவது ஏதோ இருக்கிறது. பிள்ளைக்கு வெறும் சிலுவைதான். "தொடலாம் மக்கா," என்றாள். "நாம ரெண்டு பேரும் போவோம்." துப்பட்டாவுக்குள் இருந்த கையை வெளியே எடுத்து, மணலுக்குள் நீட்டி, அந்தப் பிளாஸ்டர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். வெயிலில் சூடாக இருந்தது. சுஜியும் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

புறப்படும்போது, இந்த மாதிரிப் பிரஷ் எங்கே கிடைக்கும் என்று ரெஜிஷா விசாரித்தாள். சண்முகவடிவு எதற்கென்று கேட்கவில்லை. குழியோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள்தானே. கோட்டாற்றில் பெயின்ட் கடையில் கேளுங்கள், அகலமானதாக வாங்குங்கள் என்று மட்டும் சொன்னாள். ஒரு குடம் தண்ணீரைச் சரித்து இருவரின் கையையும் அவளே கழுவிவிட்டாள்.

கோட்டாற்றில் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு, பிரஷ் வாங்கினார்கள். கடை வாசலிலேயே நின்று ரெஜிஷா லிஜோவுக்குப் போன் செய்தாள். தானும் சுஜியும் வருவதாகவும், குழி வெட்டுகிறவர் மேல்மண்ணை மட்டும் எடுத்தால் போதும், அடிமண்ணைத் தாங்களே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள். அந்தப் பக்கம் லிஜோ ஏதேதோ சொன்னான். ஊர் என்ன சொல்லும் என்றான், பிள்ளை பயந்துவிடும் என்றான். அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. "நாங்க வருவோம்," என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஊர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. சுஜி மடியில் தலைவைத்து உடனே தூங்கிவிட்டாள். ரெஜிஷாவுக்கும் உடம்பு முழுக்க வலித்தது, ஆனால் தூக்கம் வரவில்லை. காகிதத்தைப் பிரித்துப் பிரஷ்ஷை எடுத்தாள். தன் கழுத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்தாள்.

மயிர் கொஞ்சம் முரடாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் ஊறப்போட வேண்டும். ஷிஜினுக்குக் கழுத்தில் பட்டால் ஆகாது.