அசையாதீங்க மாப்ள

முழங்கால் ஆழக் கடலில் மாப்பிள்ளையின் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. அவன் சொல்லி ஆடுகிற கால் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சை ஆட்டியது, கல்யாண மேடையில் நாற்காலியை ஆட்டியது, இப்போது கடலை ஆட்டப் பார்க்கிறது. தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் கிளம்பி மாமனாரைத் தாண்டிப் போயின.

"அசையாதீங்க மாப்ள" என்றார் மாமனார், திரும்பாமலே.

மாமனார் ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன். வேலைக்காலம் முழுக்க ஜனங்களைச் சில்லென்ற தகட்டோடு ஒட்டி நிறுத்தி, "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். "இப்ப விடலாம்" என்பதை மட்டும் அவ்வப்போது மறந்துவிடுவார். அம்மா கல்யாணமான நாளிலிருந்து இன்னும் முழுசாக மூச்சு விடவில்லை என்பது அவருடைய மகளின் கணிப்பு.

அந்த மகளுக்குத்தான் மாப்பிள்ளை புருஷன். குடும்பத்தோடு இந்தத் தீவுக்கு வந்ததும் அவள் ஏற்பாடுதான். காலையில் பல் விளக்கிக்கொண்டே கெடு வைத்துவிட்டாள்.

"மதியச் சாப்பாட்டுக்குள்ள அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா அழுவேன். நான் அழுதா அம்மா அழுவாங்க. அம்மா அழுதா ஓட்டல்காரங்க டாக்டரைக் கூப்பிடுவாங்க."

சொல்ல வேண்டியது இதுதான்: மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டான். இன்சூரன்ஸ் கம்பெனியில் உதவி மேலாளர் என்பதற்காகத்தான் பெண்ணையே கொடுத்தார்கள். அந்த வேலையைச் சொந்தக்காரர்களிடம் மாமனார் ஒரு கட்டடத்தைக் காட்டுகிற மாதிரிக் காட்டுவார். அதை உதறிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கப் போகிறான்.

கரையில் குடைக்கடியில் இருந்த மனைவி கையை உயர்த்தி விரல்களை விரித்தாள். ஆச்சா? மாப்பிள்ளை தலையை ஆட்டினான். இல்லை.

"தலையும்தான்" என்றார் மாமனார்.

முதுகிலும் எக்ஸ்ரே வைத்திருப்பாரோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

மாமனாரின் மீன்பிடிப்பில் புழுவும் கிடையாது, இரையும் கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, பார்த்தால் இறால் மாதிரி ஒரு பொம்மை. அதன் மீசைக்காக மாமியாரின் சவுரியிலிருந்து நாலு இழை உருவியிருந்தார். மாமியாருக்கு இது தெரியாது. அந்த இறகுப் பொம்மைக்கு எடையே இல்லாததால், கனத்த கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சுழற்றி வீச வேண்டும். அதற்குமுன் மீன் கண்ணில் பட வேண்டும். அது வருகிற வரைக்கும் கம்பம் மாதிரி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் விடுமுறை.

"மாமா, ஒரு விஷயம்…"

"மீனுக்குக் காது கேக்கும்."

"மெதுவாத்தான் சொல்றேன்."

"உங்க கால் மெதுவாச் சொல்லலியே. பத்து ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்லுது."

கரையில் மனைவி எழுந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அவள் நடக்கிற நடையில் ஏற்கெனவே பாதி அழுகை இருந்தது.

மாப்பிள்ளை முந்திக்கொண்டான். "மாமா, நான் வேலையை விட்டுட்டேன்."

மாமனார் அசையவில்லை.

"ராஜினாமா பண்ணிட்டேன். நாற்காலியில உக்காரவே முடியல மாமா. நான் காலாட்டினா எதிர் சீட்டுக்காரரோட டீ தளும்புது. டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போறேன்."

அவர்களைச் சுற்றிக் கடல் கண்ணாடி மாதிரி ஆனது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். கால் நின்றிருந்தது. பிறந்ததிலிருந்து அது இப்படி நின்று அவன் பார்த்ததில்லை. யாரோ இரவல் கொடுத்த கால் போலிருந்தது.

அப்போதுதான் வால் தெரிந்தது. மணலில் தலையை விட்டு மேய்கிற மீனின் வெள்ளி வால், தண்ணீருக்கு மேலே கத்தி மாதிரி மின்னியது.

மாமனாரின் கை மட்டும் எழுந்தது. கயிறு காற்றில் நீண்டு மடங்கி நீண்டது. மாமியாரின் மீசை வைத்த இறால் மீனுக்கு முன்னால் பூப்போல விழுந்தது. மீன் திரும்பியது. பின்தொடர்ந்தது. வாயைத் திறக்க ஒரு சாண்தான் பாக்கி.

ஒரு வளையம் தண்ணீரில் கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று.

மீன் மணலைக் கிளப்பிவிட்டுப் பறந்தது.

மாப்பிள்ளை பதறித் தன் காலைப் பார்த்தான். அது சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது மாமனாரின் இடது கால்.

"உங்க காலா?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா. மன்னிச்சுக்கோங்க."

மாமனார் முதன்முறையாகத் திரும்பினார். அவன் காலைப் பார்த்தார். பிறகு, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலத் தன் காலைப் பார்த்தார். அது இன்னும் நிற்கவில்லை.

"அந்த ஸ்கூல் வண்டியில, சொல்லிக்கொடுக்குற உங்க பக்கமும் பிரேக் இருக்குமாமே?"

"இருக்கும் மாமா."

"அப்ப உங்க கால் சும்மா இருக்காது."

"இருக்கக் கூடாது மாமா. அதான் வேலையே."

மாமனார் "ம்" என்றார். அந்த 'ம்'மை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அர்த்தம் பிடிபடவில்லை. மனைவி மூச்சிரைக்க வந்து நின்று, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லியாச்சா?"

"கத்தாத. மீன் திரும்பி வரும்" என்ற மாமனார், யாரையும் தொடவிடாத அந்தத் தூண்டில் கோலை மாப்பிள்ளையிடம் நீட்டினார். "பிடிங்க. என் கால் இன்னிக்குச் சரியில்ல."

மாப்பிள்ளை வாங்கிக்கொண்டான்.

"மூச்சை இழுங்க. பிடிங்க."

பிடித்தான். அவளும் பிடித்தாள். தண்ணீரில் மெல்ல ஒரு வளையம் விரிந்து போனது. யாருடையது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது. மாமனார் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது விடலாம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.