நூற்று எழுபது பவுண்டு மனிதன்

“ஏறி நில்லுங்க. ஷூவோட. எதையெல்லாம் மாட்டிக்கிட்டுப் பறக்கப் போறீங்களோ, அத்தனையோடயும்” என்றேன்.

மூன்று ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையின் மூலையிலிருந்து நான் இழுத்து வந்திருந்த தராசைப் பார்த்தார்கள். விதை மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. அந்த மூவரில் ஒருவரான கோதுமை விவசாயி டுவெய்ன் ஸ்டக்கியினுடையது.

இந்த விமானக் கிளப்பில் பயிற்சியாளராகச் சேர்ந்த அன்றே, மூவரில் இன்னொருவரான பல் டாக்டர் ராட்ஸ்லாஃப் என்னிடம் சொல்லியிருந்தார். “இங்க எதை வேணா கேளு டெஸ். யாரோட எடையையும் மட்டும் கேக்காதே. ஃபாரத்துல நம்பர் இருக்கு, அதை எடுத்துக்கோ.”

பறக்குமுன் விமானத்தின் மொத்த எடையைக் கூட்டிப் பார்க்கும் அந்த ஃபாரத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் நேரே 170 பவுண்டு என்று அச்சடித்தே இருக்கும். எந்தக் காலத்திலோ அரசாங்கம் சராசரி மனிதனுக்கு வைத்த எடை. அதற்குப் பிறகு சராசரி மனிதன் நிறையச் சாப்பிட்டுவிட்டான். ஃபாரம் சாப்பிடவில்லை. கான்சாஸில் பாதி பைலட்டுகள் இன்னமும் அந்த மனிதனைத்தான் ஏற்றிக்கொண்டு பறக்கிறார்கள்.

வெளியே, மூவரும் கூட்டாக வாங்க நினைத்த அந்த விமானம் நின்றது. விற்பவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப் போயிருந்தார். ஒற்றை எஞ்சின், தாழ்ந்த இறக்கை, மேலேறியதும் மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள், நாலு தோல் இருக்கைகள். காலையிலிருந்து இவர்கள் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான்.

“மணிக்கு இருநூத்தி இருபது மைல்யா! நாம போற மொன்டானாவுக்கு நாலே கால் மணி நேரம். நம்ம மாடு போனா?” என்றார் டாக்டர்.

மாடு என்பது கிளப்பின் பழைய விமானம்.

“மாடு ஏழு மணி நேரம் எடுத்துக்கும். ஆனா மாட்டை ரிப்பேர் பண்ண என் மச்சானே போதும். இதுக்கு ஒரு சிலிண்டர் போச்சுன்னா டிராக்டரை வித்தாகணும்” என்றார் டுவெய்ன்.

“எனக்கு அந்தச் சக்கரம்தான் பயம்” என்றார் கர்ட் பென்னர். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர். “என் வீட்டுக் கேரேஜ் கதவையே பாதி நாள் மூட மறந்துடுறேன். இறங்கும்போது சக்கரத்தை வெளிய விட மறந்தா?”

“மறந்தா உன் பேண்டு சத்தம் ஊருக்கே கேக்கும்” என்றார் டாக்டர்.

“சிரிக்காதே டாக்டர், இந்த மாதிரி வேகமான விமானங்களுக்கு ‘டாக்டர் கொல்லி’ன்னே பேரு” என்றார் கர்ட்.

“நான் பல் டாக்டர். கணக்குல வர மாட்டேன்.”

சிரித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. தெற்குக் காற்று தகரக் கதவை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெப்பமானி நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. இப்படிப்பட்ட வெயிலில் காற்று மெலிந்துபோகும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும். எங்கள் ரன்வே இரண்டாயிரத்து அறுநூறு அடிதான். அது முடியும் இடத்தில் மின்கம்பி. நான் மேசைக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

எனக்கும் அந்த விமானம் வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னவளாவேன். பெரிய விமான கம்பெனியில் சேர ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். என்னிடம் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. இன்சூரன்ஸ்காரர்கள் இந்த விமானத்துக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: மூவரும் தலைக்கு இருபத்தைந்து மணி நேரம் பயிற்சியாளரோடு பறக்க வேண்டும்; அதுவரை யாரும் தனியாகத் தொடக்கூடாது. பயிற்சியாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. எழுபத்தைந்து மணி நேரம் எனக்கு அப்படியே வந்து விழும்.

அன்று நாங்கள் நாலு பேரும் ஒரு சுற்றுப் பறந்து பார்க்க டாக்டர் கணக்குப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டது போக, ஆட்களுக்கு மிச்சம் அறுநூற்றுத் தொண்ணூறு பவுண்டு. நாலு பேர், நாலு நூற்று எழுபது, அறுநூற்று எண்பது. “பத்து பவுண்டு மிச்சம், சாண்ட்விச்சுக்கு” என்று கீழே எழுதிப் புன்னகை முகம் வேறு வரைந்திருந்தார்.

டுவெய்னைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியைப் பார்த்தேன். போய்த் தராசை இழுத்து வந்தேன்.

“இது என்ன, மாட்டுச் சந்தையா?” என்றார் டாக்டர்.

நான்தான் முதலில் ஏறினேன். நூற்று அறுபத்து நாலு.

“ஆறு பவுண்டு லாபம்” என்று டுவெய்ன் கை தட்டினார். அடுத்து அவரே ஏறினார். “சிரிக்கிறவன் ஊருக்கு நடந்துதான் போகணும்.” இருநூற்று அறுபத்திரண்டு. யாரும் சிரிக்கவில்லை. கர்ட் நூற்றுத் தொண்ணூற்று ஒன்று. டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“ஏறுய்யா. ஊர்ல எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்ற, நீ தராசுல ஏற மாட்டியா?” என்றார் டுவெய்ன்.

ஏறினார். இருநூற்றுப் பதின்மூன்று.

சுவரில் சாக்பீஸால் கூட்டினேன். எண்ணூற்று முப்பது. “நூத்தி நாப்பது அதிகம். இந்த வெயில்ல, இந்த ரன்வேல, மாட்டேன்.”

“கணக்குல எப்பவும் கொஞ்சம் தாராளம் வெச்சிருப்பாங்கம்மா.”

“அந்தத் தாராளம் எவ்வளவுன்னு கணக்குப் போடத்தான் நான் நாலு வருஷம் படிச்சேன், டாக்டர். அது வெல்டிங் பிசகுக்கும் காத்தோட அடிக்கும் வெச்சது. உங்க பிரேக்ஃபாஸ்டுக்கு இல்ல.”

என் அப்பா விச்சிட்டா விமானத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் இறக்கைகளில் ரிவெட் ஆணி அடித்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதல். டாக்டருக்கு இது தெரியும். என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம் சொல்வார், ஏதோ அவரே பணம் கட்டிப் படிக்க வைத்ததுபோல.

“நான் இறங்கிக்கிறேன், நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க” என்றார் டுவெய்ன்.

“நல்ல யோசனை” என்றேன். “இல்லாட்டி இருபத்தஞ்சு காலன் பெட்ரோலை எடுத்துடலாம். மொன்டானாவுக்கும் அப்படியே. வழியில ஒரு இடத்துல இறங்கி ஊத்திக்கிட்டா அப்பவும் மாட்டைவிட ரெண்டு மணி நேரம் முன்னாடி போய்ச் சேருவீங்க. நல்ல விமானம். நம்ம நாலு பேருக்கும் முழு டேங்குக்கும் சேத்து மட்டும் ஆகாது.”

“நடுவழியில இறங்குறதுக்கா இதை வாங்குறோம்?” டாக்டர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி, என் நூற்று அறுபத்து நாலின் மேல் ஒரு கோடு இழுத்தார். “அறுநூத்தி அறுபத்தாறு. சரியா வருது பாரு.”

என்னையே கழித்துவிட்டார். காற்று தகரத்தை அடித்தது.

“நான் இல்லாம நீங்க யாருமே அதை ஓட்டக் கூடாதே” என்றேன்.

“இறங்கினப்புறம் ஒரு கையெழுத்து போட்டுடு. பறந்த மணி நேரம் எழுதுற என் பதிவேட்டுல ஒரு வரி, பயிற்சி குடுத்தாச்சுன்னு. முழு இருபத்தஞ்சும் எழுதிக்கோ, மூணு பேருக்கும். உன் பதிவேட்டுலயும் எழுபத்தஞ்சு ஏறிடும். நீ சீக்கிரம் பெரிய கம்பெனிக்குப் போகணும்னுதானே எங்களுக்கும் ஆசை?”

“டுவெய்ன் இறங்கினா ஆகாதா?”

“டுவெய்ன் பங்குதாரர். இதை வாங்கணுமா வேண்டாமான்னு அவர் உள்ள உக்காந்து பாத்துதான் சொல்லணும்.” குரலை மென்மையாக்கிக்கொண்டார். “நீ சம்பளத்துக்கு வர்ற பொண்ணு, டெஸ். கோவிச்சுக்காதே.”

ஆயிரத்து இருநூற்று எண்பத்தேழு. அந்த எண் என் தலைக்குள் தானாகக் கூட்டிக்கொண்டது. அதற்காக எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டு வருடம், இதே வெயிலில், இதே மூவருக்கும் தரையிறங்கச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு மணியாக நான் சேர்த்த எண் அது. இவர் பேனா மூடியைத் திறப்பதற்குள் எழுபத்தைந்தைத் தருகிறார்.

“கர்ட், நீங்க என்ன சொல்றீங்க?” என்றேன்.

கர்ட் தன் ஷூவைப் பார்த்தார். “ஒரே ஒரு சுத்துதானே டெஸ்... டாக்டர் நல்லா ஓட்டுவார்.”

டுவெய்ன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். அது கீச்சென்றது. என் பக்கம் பேசியவரே உட்கார்ந்துவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

டாக்டர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். பேனாவையும். நான் செல்பேசியை எடுத்தேன். இன்சூரன்ஸ்காரியின் எண் அதில் இருந்தது. இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பியபோது நான்தான் அவளோடு பேசியவள். பயிற்சியாளர் பெயரை நீக்கச் சொல்லி நாலு வரி எழுதினேன். யார் என்ன கேட்டாலும் என் கையெழுத்து இந்த விமானத்துக்கு இல்லை என்று ஐந்தாவது வரி.

“என்னம்மா எழுதுற?”

“என் பேரை எடுக்கச் சொல்லி எழுதுறேன். போயிடுச்சு. இனி அந்த விமானத்துக்கு இன்சூரன்ஸ் இல்ல, டாக்டர். இன்னிக்கு நீங்க யாரும் பறக்க முடியாது.”

“உனக்கு என்ன நஷ்டம்னு தெரியுமா?”

“எழுபத்தஞ்சு மணி நேரம். இன்னும் இருநூத்தி எண்பத்தெட்டு வேணும். வேற எங்கயாவது பறப்பேன்.”

“டெஸ், கொஞ்சம் நில்லு, பேசலாம்” என்று டுவெய்ன் எழுந்தார்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். தகரக் கதவைக் காற்று எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. முழங்கையால் அழுத்தித் திறந்து வெயிலுக்குள் நடந்தேன்.