கறுப்பாகவே திறக்கும் ஜன்னல்

1.

இதை எழுதச் சொன்னவர் ஒரு கணவர். அவர் கேட்டது கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணாமல்போன மனைவியைத் தேடி இணையத்தில் போட ஓர் அறிவிப்பு கேட்டார்.

போன வசந்தத்தில் எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்காரர்களின் நாய் தொலைந்தது. பாவமாக இருந்ததால் ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். கொரிய மொழியில்தான், இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியதற்கு அது கூடவா வராது? நாய் ரயிலைக் கண்டால் வாலாட்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரி ஊர் ஊராகப் போய், கடைசியில் நாய் ஒரு ரயில் நிலையத்தில் பிடிபட்டது. அன்றிலிருந்து நான் இங்கே 'எழுத்தாளரம்மா'.

"நாய்க்கே அப்படி எழுதுனீங்களே," என்றார் பியோன், அந்தக் கணவர், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி. "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. படிக்கிறவன் அழுதுகிட்டே நாலு பேருக்கு அனுப்பணும். போலீஸ்காரனுங்க ஒண்ணுத்துக்கும் ஆவல. ஆளு பத்திரமா இருக்காங்க, இடத்தைச் சொல்ல அவங்களுக்கு விருப்பமில்லைன்னுட்டு ஃபோனை வெச்சுட்டானுங்க. இது ஒரு பதிலா?"

நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே, "ஐயோ பாவம், எழுதறேன், கொஞ்சம் டைம் குடுங்க," என்றேன்.

2.

முதல் தொடக்கம்: 'இன்சுக்குக்கு வயது'

[வேண்டாம். அவர் மனைவியின் வயது தெரிந்தால் தேடுவது சுலபம்.]

இரண்டாவது: 'சிரிக்கும்போது இன்சுக் தன் இடது கையால்'

[கூடவே கூடாது. நாய் பிடிபட்டதே இப்படி ஒரு வரியால்தான்.]

மூன்றாவது: 'கடலோரத்து ஊர் ஒன்றில் பிறந்த இன்சுக்'

[கடல் எங்கிருந்து வந்தது? நானே போட்டேன். ஆனாலும் எடுத்துவிடுகிறேன். தற்செயலாக உண்மையாக இருந்து தொலைத்தால்?]

பார்த்தீர்களா என் பாட்டை? எழுதக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒரே பாடம்: ஆளைக் கண்முன் நிறுத்து. இப்போது கண்முன் நிற்காத ஒரு பெண்ணை எழுத வேண்டியிருக்கிறது. அவளுக்கு முகம் வைக்க மாட்டேன். நடையும் கிடையாது, குரலும் கிடையாது. கோடையிலும் முழுக்கைச் சட்டை போடுவாள் என்பதை மட்டும் சொல்லலாம். அப்படிப் போடுகிற பெண்கள் இந்த நாட்டில் நிறையப் பேர்.*

* இன்சுக் அவள் பெயர் இல்லை. பியோனும் அவர் பெயர் இல்லை. அவருடையதை மாற்றியது மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

3.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்களுக்குக் குப்பை பிரிக்கிற நேரம். எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் கண்ணாடி, காகிதம், பிளாஸ்டிக் என்று அள்ளிக்கொண்டு கீழே வருவார்கள். பார்சல் பெட்டியில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டை உரித்துவிட்டுத்தான் போட வேண்டும். உரிக்காவிட்டால் காவல்காரர் ஒலிபெருக்கியில் வீட்டு எண்ணைச் சொல்லி மானத்தை வாங்குவார். இன்சுக் உரிப்பதோடு விடமாட்டாள். சீட்டை நகத்தால் துணுக்குத் துணுக்காகக் கிழித்து, பாதியைத் தொட்டியிலும் மீதியைத் தன் பையிலும் போடுவாள்.

"இவ்வளவு கிழிக்கணுமா, கரம் அம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். கரம் அவள் மகள், வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். "நம்ம பேரை வெச்சு எவன் என்ன பண்ணப் போறான்?"

"பழகிப்போச்சுக்கா," என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரையும் இப்படி ஆக்கிட்டேன்," என்றாள்.

அவர்கள் வீட்டுக் கணினி நடுக்கூடத்தில், திரை சோபாவைப் பார்த்தபடி இருக்கும். மகள் படிக்கிறாளா ஊர் சுற்றுகிறாளா என்று கவனிக்க பியோன் அப்படி வைத்தார். மகள் போன பிறகும் திரை திரும்பவில்லை. மனைவியின் கைபேசியை அவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். அவர் டயர் தொழிற்சாலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தக் கணினி ஒன்றுதான் அவளுக்கு வெளி உலகம். போன வருஷம், தனியாக வங்கிக் கணக்கு தொடங்குவது எப்படி என்று அவள் அதில் தேடினாள். தேடியது பதிவில் நின்றுவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கையில் மாவுக்கட்டு. பனியில் வழுக்கி விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்த வருஷம் எங்கள் ஊரில் பனியே விழவில்லை. தெரிந்தும் எல்லோரும், "பாத்து நடக்கக் கூடாதா?" என்றோம்.

"இப்ப பிரவுசரைத் தொட்டாலே ரகசிய ஜன்னலாத்தான் திறக்கும்க்கா. மூடுனா எல்லாத்தையும் மறந்துடும். ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணா உள்ள ஒரு வரி இருக்கும். அது கடைசில ஒரே ஒரு வார்த்தை சேர்க்கணும், அவ்வளவுதான்."

"வேணுங்கிறப்ப மட்டும் ரகசியமா திறந்தா பத்தாதா?"

"பெண்கள் ஆலோசனை மையத்துலயும் அப்படித்தான் சொன்னாங்க." கிழிந்த சீட்டைப் பைக்குள் திணித்தாள். "நான் ஒரு நாள் மறந்துட்டா? ஒரு நாள் போதும்க்கா அவருக்கு."

4.

ஒரு தப்பு செய்துவிட்டாள். தனக்கென்று புது ஐகான் போடாமல், வீட்டில் இருந்த ஒரே ஐகானை மாற்றினாள். அந்த வீட்டில் எதுவும் அவளுக்கென்று இருந்ததில்லை, அதனால் அது தோன்றவே இல்லை.

முதல் நாள் பியோன் திரையைப் பார்த்து, "என்னடி இது, கறுப்பா இருக்கு?" என்றாராம்.

"கண்ணுக்கு நல்லதாம். இப்பல்லாம் அப்படித்தான் வருது."

"அட, ஆமா. உறுத்தல."

மறுநாள் தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையடித்தாராம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். [எப்படிச் சிரித்தாள் என்று எழுத மாட்டேன்.]

ஆனால் பியோனுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பீரும், இணையத்தில் ஒரு ஆட்டம் பாதுக்கும் வேண்டும். பாதுக் என்றால் கறுப்பும் வெள்ளையுமாகக் கற்களை வைத்து எதிராளியைச் சுற்றி வளைக்கிற ஆட்டம். அந்தத் தளத்தில் ஒரு முறை நுழைந்தவர் பல வருஷமாக வெளியேறியதே இல்லை. இப்போது அது, நீ யார், கடவுச்சொல் என்ன என்று கேட்டது. அவருக்கா ஞாபகம் இருக்கும்? திட்டிக்கொண்டே புதிது வாங்கினார். மறுநாள் மறுபடியும் கேட்டது. அதற்கு மறுநாளும்.

"என்னையவே யாருன்னு கேக்குது பாரு! எவனோ உள்ள பூந்துட்டான். சனிக்கிழமை ஆளை வரச் சொல்லியிருக்கேன், பிரிச்சு மேஞ்சுடுவான்," என்றாராம்.

"அந்த வார்த்தையை எடுத்துத் தொலையேன்," என்றேன் நான், அடுத்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள், மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது.

"எடுத்தா நான் பாக்கறது தங்கிடும்க்கா. காப்பகத்துல இடம் இருக்கா இல்லையான்னு நாளைக்குத்தான் பதில் போடுவாங்க. அதைப் பாக்காம எப்படிப் போறது?"

மின்தூக்கி வந்தது. உள்ளே ஆள் இருந்ததால் முள்ளங்கி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு மேலே போனோம்.

5.

முடிவு அ: பதில் வரவில்லை. சனிக்கிழமை கணினிக்காரர் வந்தார், ஐகானைப் பார்த்தார், வாய்விட்டுச் சொன்னார். [இதை எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் இந்த நாட்டிலும் என் நாட்டிலும் அதிகம் நடப்பது இதுதான். அதனால் கோடு போட்டு அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.]

முடிவு ஆ: பதில் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பியோன் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இன்சுக் ராமியோன் நூடுல்ஸ் வந்த ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "குப்பை போட்டுட்டு வரேன்." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே நாங்கள் எல்லோரும் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் காகிதத் தொட்டியைத் தாண்டி, கண்ணாடித் தொட்டியைத் தாண்டி நடந்தாள். பெட்டி கனத்ததால் முழங்காலால் ஒரு தடவை ஏந்திக்கொண்டாள். வாசலில் காவல்காரர், "ஏம்மா, அட்டைக்கு இந்தப் பக்கம்!" என்று கத்த வாயெடுத்தார். பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஒன்றும் இல்லாத பிளாஸ்டிக் தொட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

பெட்டியில் முகவரிச் சீட்டு இல்லை. தெருமுனையில் அவள் திரும்பிய பக்கம்

[அழைப்பு மணி. இருங்கள்.]

6.

பியோன் வந்திருக்கிறார். இப்போது என் சோபாவில், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கிறது. பார்லித் தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

உள்ளே வந்ததும் என் திரையைத்தான் பார்த்தார். இன்சுக் சொன்ன பிறகு நானும் அந்த வார்த்தையைச் சேர்த்திருந்தேன். நான் எழுதுவது பிரவுசருக்குள்தான். சுற்றிலும் கறுப்பு.

"ஓகோ," என்றார். "உங்களுக்கும் கண்ணு கெட்டுப்போச்சா, எழுத்தாளரம்மா?"

"வயசாகுதில்ல," என்றேன்.

"சனிக்கிழமை வந்த பையன் சொன்னான், அது கண்ணுக்கு இல்லையாம்." குரல் உயரவே இல்லை. "சரி, அதை அப்புறம் பேசுவோம். இது என்ன எழுத்து, புழு நெளியற மாதிரி?"

"எங்க ஊரு எழுத்து. முதல்ல இதுல யோசிச்சு எழுதிட்டுத்தான் உங்க மொழிக்கு மாத்துவேன்."

"எழுதின வரைக்கும் படிங்க."

படித்தேன். இந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே, இவற்றில் இல்லாத ஒன்றைக் கொரிய மொழியில் வாசித்தேன். அவள் இல்லாத வீட்டில் ஒரு ஜோடி செருப்பு காத்திருக்கிறது, அது இது என்று வாய்க்கு வந்தது. அவர் அழுதார். நடிப்பு இல்லை, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நிஜமாகவே அழுதார். இப்படி அழத் தெரிந்த மனிதனா அந்தக் கையை உடைத்தான்?

"நல்லாருக்கு," என்று மூக்கை உறிஞ்சினார். "முடிச்சுடுங்க. இன்னிக்கே போட்டுடலாம்."

"கடைசி வரிதான் வரமாட்டேங்குது."

"வரட்டும். உக்காந்திருக்கேன்."

அதனால்தான் இந்தக் கதைக்கு முடிவு எழுதவில்லை. நான் முடிக்காத வரைக்கும் அவர் இந்த சோபாவில் இருப்பார். அவர் இங்கே இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவர் வேறெங்கும் தேடாத நிமிஷம். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்துப்பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கைபேசி தொடை மேல் கிடக்கிறது. அதைத் தூக்கி இந்தத் திரைக்கு நேரே பிடித்தால் போதும், என் ஊர் எழுத்தை அது அவர் மொழியில் சொல்லிவிடும். அவருக்கு அது இன்னும் தோன்றவில்லை.

இன்சுக்கிடமிருந்து எனக்கு ஒரே ஒரு தகவல் வந்தது. அதுவும் இதே கறுப்பு ஜன்னலில், பக்கத்து டேபில் திறந்திருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டபடி அஞ்சல் பெட்டியிலிருந்து அழித்துவிட்டேன், வேறெங்கும் குறித்துவைக்கவும் இல்லை. மூடினால் எனக்கும் அவள் இருக்கும் இடம் தெரியாது. மனப்பாடம் செய்துகொள்ளலாம்தான். ஆனால் மனப்பாடம் செய்ததை என்னிடமிருந்து வாங்குவது இவருக்குப் பெரிய காரியமில்லை. அதனால் படித்ததை மறக்கப் பார்க்கிறேன்.

"என்னம்மா, வந்துச்சா?"

"வருது, வருது."

கைபேசியை எடுத்துவிட்டார். மணி பார்க்கத்தானோ என்னவோ.

இதை உங்களுக்கு அனுப்பிவிட்டு மூடுகிறேன். மூடியதும் இங்கே ஒன்றும் இருக்காது. அட்டைப்பெட்டியோடு போனவளைப் பார்த்தவர்கள் இனி நீங்கள்தான். உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில், வெயில் நாளில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தி நிற்கலாம். பின்னாலேயே ஒருவர் அழுத கண்ணோடு வந்து, இவளைத் தெரியுமா, என் மனைவி, வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது என்று உங்களைக் கேட்டால், நீங்கள்