மூன்றாம் நாள் ஜெபம்

மஹ்ரூசா மகனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் மடத்துக்கு வந்திருந்தாள். பையில் அவனுடைய நீலச் சட்டை, தோல் செருப்பு, மல்லவி ஊரில் மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் அவன் மருந்துக்கடையின் சாவி. துறவுச் சடங்கில் திரையால் மூடும்வரை எவனும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"பட்டம் வாங்கின புள்ளையக் கோழி மாதிரி கக்கத்துல இடுக்கிட்டு வந்துடுவியாக்கும்" என்று தங்கை ஐதா வழியெல்லாம் கிண்டலடித்தாள்.

"நான் கூப்பிட்டு அவன் வராம இருந்ததே கிடையாதுடி."

மடம் அவளுக்குப் புதிதா என்ன! பாலைவனக் கொள்ளையர்கள் வந்த நாளில், கோபுரத்தில் ஏறி ஒளிய மாட்டோம் என்று நின்று வெட்டுப்பட்டுச் செத்த நாற்பத்திரண்டு துறவிகளின் எலும்புகள் இந்தக் கோயில் தளத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு வருஷமாக ஜனங்கள் அந்தக் கல்லை முத்தமிடுகிறார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தையில்லாமல், இவளும் அதில் கன்னத்தை வைத்து அழுதவள்தான். மறு வருஷமே லபீப் பிறந்தான்.

பாழாய்ப்போன பஸ் நடுவழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குள் நுழைந்தாள். அதே கல்லின் மேல் நான்கு பேரை வரிசையாகக் கிடத்தி, பலிபீடத்துத் திரையால் தலையோடு மூடியிருந்தார்கள். துறவிகள் பாடிக்கொண்டிருந்தது சாவு ஜெபம். அவள் புருஷனின் சவப்பெட்டிக்கு முன்னால் பாடிய அதே இழுவை ராகம்! திரை போடுவார்கள் என்றுதான் சொன்னார்களே தவிர, பாவிகள், இதை ஒருத்தரும் சொல்லவில்லையே.

திரைக்கு வெளியே பாதங்கள் தெரிந்தன. மூன்றாவதில் தேநீர்க் கெண்டி கொட்டி வெந்த தழும்பு. அப்போது அவனுக்கு ஐந்து வயது.

"லபீப்! எழுந்திருடா, வீட்டுக்குப் போலாம்!"

பாட்டு ஒரு கணம் தடுமாறித் தொடர்ந்தது. தழும்புக் காலின் விரல்கள் மடங்கி, மறுபடி நீண்டன. கேட்டிருக்கிறான்! கேட்டும் எழவில்லை. மஹ்ரூசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையை எடுத்தார்கள். மடத்துத் தலைவர் அபூனா அகாபியோஸ் ஒவ்வொருவருக்கும் புதுப் பெயர் சூட்டினார். லபீப்புக்கு செராபியோன். பெண்கள் கல்யாண வீடுபோலக் குலவையிட்டு, "அபூனா, எங்கள் தந்தையே" என்று அவன் கையை முத்தமிட முண்டியடித்தார்கள். பெற்றவள் நகரவில்லை. அகாபியோஸ் அவனை அழைத்துக்கொண்டு அவளிடமே வந்தார்.

"அழாதம்மா. உலகத்துக்குச் செத்துட்டான், கடவுளுக்குப் பொறந்திருக்கான்."

"நெசமாவே செத்துட்டானா அபூனா?"

"ஆமாம்மா. நீயே கேட்டியே, சாவு ஜெபம் முழுசாச் சொன்னோமே."

"அப்போ திங்கக்கெழம எங்க வீட்டுக்கு வாங்க."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? மூணாம் நாள் ஜெபத்துக்கு! சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தண்ணி தெளிச்சாத்தானே செத்தவன் ஆவி வீட்டை விட்டுப் போகும்? எங்க ஊர்ல பிச்சைக்காரனுக்குக்கூடச் செய்றாங்க. அவன் குடிச்ச கிளாஸு, படுத்த கட்டிலு, எல்லாத்துலயும் அவன்தான் இருக்கான். பாதி ஜெபத்த இங்க சொல்லிட்டு மீதிய என் தலைல கட்டிட்டீங்களே!"

"அக்கா, சும்மா இரு" என்று ஐதா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அகாபியோஸ் முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் திரையால் மூடியவர். ஒரு தாயும் இப்படிக் கேட்டதில்லை.

"அம்மா..." என்றான் செராபியோன்.

"அப்படிக் கூப்பிடாதீங்க அபூனா" என்று சொல்லி, அவள் பையைத் திறந்து சட்டையையும் செருப்பையும் சாவியையும் அவன் படுத்திருந்த கல்லின் மேல் வைத்தாள்.

"எத்தனை மணிக்கும்மா வரணும்?" என்று கேட்டார் அகாபியோஸ்.

"பத்து மணிக்கு. நீங்க மட்டும் வாங்க. இவரக் கூட்டிட்டு வந்துடாதீங்க, என்னால தாங்க முடியாது."