பச்சை மருந்து

"மருந்து எதுக்காவது அலர்ஜி உண்டாம்மா?" என்று நர்ஸ் கேட்டபோது ஆனந்தவள்ளி என்னைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

"ஒண்ணும் கிடையாது சிஸ்டர்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கழற்றித் தந்த கம்மலைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன். கட்டிலைத் தியேட்டருக்குள் உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். தீட்டு நின்று பல வருசம் ஆன பிறகு திரும்ப ரத்தம் பட்டது, சோதித்ததில் தெரிந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். முந்தின நாள் டாக்டர் நிர்மலாதேவி எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"காலில புண்ணு வந்தா தொடை இடுக்கில நெறி கட்டும்லா? அந்த மாதிரி நெறி இடுப்புக்குள்ளயும் ரெண்டு பக்கமும் நிறைய இருக்கு. நோய் பரவுனா முதல்ல அங்கதான் போய்த் தங்கும். முன்னாலல்லாம் அத்தனையையும் எடுத்துருவோம். இப்போ கர்ப்பப்பை வாயில ஒரு பச்சை மருந்து ஊசி போடுவோம். அது ஓடிப்போய் முதல்ல எந்த நெறியில நிக்குதோ, அது கேமராவில மின்னும். அதை மட்டும் எடுத்துச் சோதிச்சாப் போதும். ஒரு பக்கம் மின்னவே இல்லைன்னா, அந்தப் பக்கத்து நெறி எல்லாத்தையும் எடுத்துத்தான் ஆகணும்."

"எல்லாத்தையும் எடுத்தா கால் வீங்கிருமா டாக்டரம்மா?"

"சிலருக்கு வீங்கும்."

ஆனந்தவள்ளி சும்மா கேட்கவில்லை. ஐந்தருவியில் இவள் போட்டிருக்கும் பழக்கடைக்கு அடுத்த கடை ஹஸீபாவுடையது. இதே நோய்க்கு அவளுக்கு எல்லா நெறியையும் எடுத்தார்கள். நோய் போனது, இடது கால் சாக்கு மூட்டை மாதிரி ஊதிவிட்டது. செருப்பு நுழையாது. சீசனில் விடிந்தது முதல் இருட்டுவதுவரை நின்றபடியே மங்குஸ்தான் விற்றவள், இப்போது கடைப்பக்கமே வருவதில்லை.

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த மருந்தில அயோடின் இருக்கு. முன்னால ஸ்கேன் மருந்து எதுவும் ஒத்துக்காமப் போயிருக்கா? இருந்தாச் சொல்லுங்க, நீல மருந்து போடலாம். ஆனா அது பச்சை அளவுக்கு எல்லாருக்கும் காட்டாது."

"அப்படி ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் திருநெல்வேலியில் ஸ்கேனுக்கு ஊசி போட்டுத் திரும்பிய அன்று, பஸ் பாவூர்சத்திரம் வருமுன்னே அவள் முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு இழுத்தது. இறங்கி ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏளா, அன்னைக்கு மாதிரி ஆச்சுன்னா?"

"ஆகாது. நான் பாத்துக்கிடுதேன். எனக்குக் கால் வேணும். நீங்க ஓட்டை வாயத் தொறந்திராதீங்க."

"உனக்குக் காலுதான் பெருசா?"

"பெறகு? ஒக்காந்த எடத்துல நீங்க வந்து ஊட்டுவீங்களோ?"

இப்போது கம்மலை வைக்க அவள் பையைத் திறந்தேன். துண்டு மடிப்புக்குள் அவில் மாத்திரை அட்டை இருந்தது. அரிப்பு, தடிப்பு என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் போடுகிற மாத்திரை. பாதி காலி. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் விழுங்கியிருக்கிறாள். பாத்துக்கிடுதேன் என்றது இதைத்தான். அப்படியானால் அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது. அது தெரிந்தபின் சும்மா இருக்க முடியாமல் தியேட்டர் பக்கம் ஓடினேன்.

தியேட்டர் வாசலில் காவலுக்கு இருந்தவர் கையை நீட்டி மறித்தார்.

"எங்க வே போறீரு?"

"அண்ணாச்சி, டாக்டரம்மாவக் கூப்பிடுங்க. பச்சை மருந்து போடக் கூடாது."

"அதை நீரு சொல்லுதீரா? போயி உக்காரும் வே."

அவரைத் தள்ளிக்கொண்டு கதவைத் தட்டினேன். மூட்டை தூக்குகிற கை, கதவு அதிர்ந்தது. மயக்க டாக்டர் விஜயசங்கர் முகமூடியோடு எட்டிப் பார்த்தார். மாத்திரை அட்டையை நீட்டினேன். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன்.

"ஏன்யா, இத்தனை பேர் கேட்டோமே!"

"மருந்து போட்டாச்சா சார்?"

அவர் திரும்பி உள்ளே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது.

பிறகு யாரும் வரவில்லை. உள்ளே ஏதோ ஒரு மெஷின் விடாமல் கத்தியது. நின்றது, மறுபடி கத்தியது. காவல்காரர் என்னைத் திட்டவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

நிர்மலாதேவி வெளியே வந்தபோது மதியச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பச்சை போடல. ஊசியில எடுத்து வச்சதைக் கீழ ஊத்திட்டோம். நல்லாயிருக்காங்க. நீலம் போட்டோம். இடது பக்கம் நல்லா ஏறுச்சு, ஒரே ஒரு நெறி எடுத்தோம். வலது பக்கம் ஒண்ணுமே தெரியல. அந்தப் பக்கம் எல்லாத்தையும் எடுத்தாச்சு."

"பச்சை போட்டிருந்தா அவளுக்கு என்ன ஆயிருக்கும்?"

"மூச்சு நின்னிருக்கலாம். ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்."

சாயங்காலம் அவளுக்கு நன்றாகத் தெளிந்தது. கட்டிலின் ஓரத்தில் மூத்திரப் பை தொங்கியது. நீல மருந்து கலந்து அது பச்சையாகத் தெரிந்தது. அவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். காய்ந்த உதட்டோடு சிரித்தாள்.

"பாத்தீங்களா, பச்சை. நான் சொன்னேன்லா, ஒண்ணும் ஆகாதுன்னு."

அப்படியே விட்டிருக்கலாம். கால் வீங்கினால் வீங்கட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அவள் என்னைத்தான் கேட்பாள்.

"அது நீல மருந்துனால வந்த பச்சைளா. நான் அவுககிட்ட சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது.

"எந்தப் பக்கம்?"

"வலது."

போர்வைக்குள் வலது பாதத்தை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

"போட்டிருந்தாச் செத்தா போயிருப்பேன்?"

"தெரியலைன்னுதான் டாக்டரம்மா சொல்லுதாக."

"தெரியாமத்தான் என் காலக் குடுத்தீங்களா?"

"ஆமா."

அவள் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து காலை உயரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். தலையணையை வலது காலுக்கு அடியில் வைத்தேன்.

"இன்னும் ஒசத்துங்க."

தோள் துண்டைச் சுருட்டி வைத்தேன்.

"இன்னும்."

வைப்பதற்கு வேறொன்றும் இல்லை. குதிகாலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தேன். அவள் போதும் என்று சொல்லவில்லை. நானும் இறக்கவில்லை.