அந்தப் பாட்டில் அடித்த கை

ஆரியங்கோட்டில் ஒரு வீட்டுக்குக் கூரை வார்ப்பு. சாயா குடிக்க உட்கார்ந்த நேரத்தில், சிமெண்டுச் சட்டி சுமக்கிற விஜயம்மா தன் போனில் ஒரு பாட்டைப் போட்டாள்.

"எலே சஜு, இது உங்க பேண்டுக்க பாட்டாக்கும் இல்லியா? எனக்க மருமவன் அனுப்புனான். பின்ன உன்ன மட்டும் காணல்லியே?"

சஜு படத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டான். முதல் வரியிலேயே கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தான். பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் இருந்தது. விரலால் வாசித்தால் அது வராது. பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லை கம்பியில் இடித்தால்தான் வரும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு 'டொக்'. பிக் வழுக்கி, கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப்பில் போய் இடித்த இடம்.

அது அவன் இடித்தது. அவன் கை.

எட்டிப் பார்த்தபோது, படத்தில் அவன் இடத்தில் அனூப் நின்றிருந்தான். நீல நிறத்தில் பளபளக்கும் அஞ்சு கம்பி கிட்டார். விரல்கள் கம்பியில் நடனமாடின. பாட்டுக்குக் கீழே 'பேஸ்: அனூப்' என்று போட்டிருந்தது.

'நாலாம் வளவு' என்ற அந்த ராக் குழுவில் ஆறு வருடமாக சஜுதான் பேஸ் வாசித்தான். கைமாறி வந்த நாலு கம்பி கிட்டார், கம்பி மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. வார்ப்பு இல்லாத வாரங்களில் விரலால் வாசிப்பான். வார்ப்பு வந்தால் சிமெண்ட் விரல்நுனியைத் தின்று ஊசி குத்தினதுபோல் ஓட்டை போட்டுவிடும். இடது விரல்களில் பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்கலாம். கம்பியை இழுக்கிற வலது விரலில் எந்தப் பிளாஸ்டரும் இரண்டு நிமிடம் தாங்காது. அந்த வாரங்களில் அவன் பிக்கை எடுப்பான். ஸ்டைலுக்காக எடுத்ததில்லை. தோல் இல்லாததால் எடுத்தான். எடுத்து எடுத்து அதில் ஒரு தனி அடி வந்து சேர்ந்துவிட்டது. உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் அழுத்தி வைத்து, சுத்தியலால் ஆணியை இறக்குவதுபோல் ஒரு வெட்டு.

நெய்யாற்றின்கரையில் பாட்டைப் பதிவு செய்த அன்றும் வார்ப்பு வாரம்தான். பிக்கால் அடித்துவிட்டு வந்தான். ஒரு வாரம் கழித்து, குழுவில் பாடுகிறவனும் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவனுமான விபின் போன் செய்தான்.

"மக்கா, நீ அடிச்சது சரியாவல்ல. அனூப்ப வச்சு முழுசா மாத்தி எடுத்தாச்சு. மனசுல ஒண்ணும் வைக்காண்டாம் கேட்டியா."

சஜு வைக்கவில்லை. அனூப் கெட்டிக்காரன், திருவனந்தபுரத்தில் முறையாகப் படித்தவன். நம்மைவிட நல்ல கை, போகட்டும் என்று விழுங்கிக்கொண்டான். இரண்டு மாதம் விழுங்கியது இப்போது மேலே வந்தது.

விஜயம்மா போன் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். அனூப் ஏதோ ஒரு சேனலுக்குப் பேட்டி கொடுத்திருந்தான். "பிக்கால அடிக்கிறவங்க பாதி பேஸ்காரங்கதான். விரல்லதான் ஆத்மா இருக்கு. இந்தப் பாட்டுல முழுசும் விரல்தான்."

"அந்த ஆத்மா சிமெண்டுக்க உள்ள போச்சு," என்றான் சஜு. விஜயம்மாவுக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் போனை அணைத்தாள்.

அன்று சாயங்காலமே விபினைக் கூப்பிட்டுப் பாட்டைப் பற்றி ஆரம்பித்தான். "நேர்ல பேசலாம், நாளைக்கு வாறேன்" என்று விபின் போனை வைத்துவிட்டான்.

மறுநாள், முந்தின நாள் வார்த்த கூரைமேல் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்திக்கொண்டிருந்தபோது கீழே கார் வந்து நின்றது. விபின் இறங்கினான். கூடவே அனூப், முதுகில் கிட்டார், கையில் சின்ன ஆம்ப்ளிஃபயர்.

"மக்கா, ஒரு உதவி," என்று ஆரம்பித்தான் விபின். "நாளைக்கு உதியன்குளங்கரையில கிளப்புக்க ஆண்டு விழா. இவன் அடிச்சா பாட்டுல உள்ள அந்த சத்தம் வரமாட்டேங்கு. ஆம்ப்ல என்ன வைக்கணும்னு நீ கொஞ்சம் காட்டிக் குடு."

சஜு இறங்கி வந்து படியில் நின்றபடியே கேட்டான். "அவன் அடிச்ச சத்தம் அவனுக்கு வராண்டாமா? நான் எதுக்கு?"

"ஸ்டூடியோல என்னவோ பண்ணியிருக்காங்க சேட்டா," என்றான் அனூப். அவன் குரலில் கள்ளம் இல்லை. "நான் அடிச்சது இவ்வளவு கூர்மையா இல்ல. மிக்ஸிங்ல மாத்தினாங்கன்னு விபின் அண்ணன் சொன்னாரு."

சஜு விபினைப் பார்த்தான். விபின் ஜல்லிக் குவியலைப் பார்த்தான்.

"கடைசி அடி நீ எதுல அடிச்ச?" என்று அனூப்பிடம் கேட்டான் சஜு.

"அஞ்சாவது கம்பில. அடி ஆழத்துல இறங்கி முடிச்சேன்."

"பாட்டுல அது கேக்குதா?"

அனூப் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"அஞ்சாவது கம்பிய மிக்ஸிங்ல அறுத்து எறிஞ்சாங்களா? எனக்கு நாலுதான் உண்டு. நான் நாலுல முடிச்சேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்ன ஒரு 'டொக்' உண்டு, கேட்டியா?"

"அது டிரம் ஸ்டிக்..."

"உனக்க தல. தா அத."

கையைத் தண்ணீரில் கழுவி, சட்டையில் துடைத்து, நீல கிட்டாரை வாங்கினான். கரண்ட் பலகையில் ஆம்ப்ளிஃபயரைச் செருகினார்கள். முந்தின ராத்திரி தேடிச் சட்டைப்பையில் போட்டிருந்த பிக்கை எடுத்து ஒரு அடி அடித்தான். சத்தம் புதுப் பாத்திரம்போல் கணகணவென்று பளபளத்தது. "நல்ல சாதனமாக்கும், குத்தம் சொல்லல்ல. ஆனா எல்லாத்தையும் சிரிச்சிட்டே பேசுது," என்றான். தலையில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தைக் கிழித்துச் சுருட்டி, கம்பிகள் முடிகிற இடத்தில் அடியில் திணித்தான். கையோரத்தை அழுத்தி மறுபடி அடித்தான்.

பாட்டு வந்தது. அப்படியே வந்தது, டிக் டிக் என்று, ஒவ்வொரு அடிக்கும் தலை வைத்து.

"இதுதாண்டே எனக்க மருமவன் அனுப்புனது!" என்று மேலேயிருந்து கத்தினாள் விஜயம்மா.

அனூப்பின் காது சிவந்தது. "அப்ப நான் அடிச்ச டேக் எங்க?" என்று விபினிடம் கேட்டான். "ரெண்டு மாசமா நான் சொல்லிட்டுத் திரியிறது..."

"ரெண்டும் வச்சுப் பாத்தோம்," என்றான் விபின். "உனக்கது சுத்தமா இருந்து. பாட்டு மட்டும் செத்துப்போச்சு. இவனுக்கத போட்டா எழும்புது. ஆனா வீடியோக்கு ஒரு லுக்கு வேணும்லா? இந்தக் கையும் அந்தப் பழைய கிட்டாரும் வச்சு எப்பிடி எடுக்க?"

சஜு தன் கையைப் பார்த்தான். நகத்தைச் சுற்றிச் சிமெண்ட் வெளுப்பு. இந்தக் கை அடித்தது வேண்டும், இந்தக் கை வேண்டாம். விபின் வீட்டுக்கு வார்ப்பு நடந்தபோது அவன் இதே கையில்தான் சாயா கொடுத்தான்.

விபினுக்கு நிறுத்தத் தெரியவில்லை. "சரி, நடந்தது நடந்து போச்சு. நாளைக்கு இப்பிடிச் செய்வோம். நீ ஸ்பீக்கருக்க பின்னால நின்னு அடி. இவன் முன்னால நிக்கட்டும். வீடியோ பாத்திட்டு வாறவங்க இவனத்தானே தேடுவாங்க."

சஜு கிட்டாரை அனூப்பிடம் பதமாகத் திருப்பிக் கொடுத்தான்.

"நான் என்னலே பொணமா, மறைச்சு வைக்கியதுக்கு? ரெண்டு பேருட்டயும் கள்ளம் பறஞ்ச. அவன்ட்ட அவன் அடிச்சான்னு, என்ட்ட நான் அடிச்சது சரியில்லன்னு. ரெண்டு மாசம் நான் கிட்டார தொடல்ல, தெரியுமா? எனக்கு வராதுன்னு நெனச்சு தொடல்ல. இப்பம் பின்னால நிக்கணும்! எடு போன. பேர மாத்து. எனக்க கண்ணு முன்ன மாத்து."

"நான் நாளைக்கு ஏற மாட்டேன்," என்றான் அனூப். கிட்டாரைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான். "பேட்டியில சொன்னதையும் நானே தப்புன்னு போடுறேன். சேட்டா, எனக்கே தெரியல்ல. என் கையை எனக்கே தெரியல்ல." பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று ரோட்டுக்கு நடந்தான்.

விபினுக்கு இனி வேறு வழி இல்லை. போனை எடுத்துத் தட்டினான். சஜு எட்டிப் பார்த்தான். 'கூடுதல் பேஸ்: சஜு' என்று இருந்தது.

"எதுக்குலே கூடுதல்? யாருக்குக் கூடுதல்?"

விபின் அந்த வார்த்தையை அழித்தான். பிறகு அனூப்பின் பெயரையும் அழித்தான். 'பேஸ்: சஜு' என்று மட்டும் நின்றது.

விஜயம்மா இறங்கி வந்து போனை வாங்கிப் பார்த்தாள். "எங்கடே இருக்கு? அடியில, இத்துனூண்டு. இத யாரு விரிச்சுப் பாப்பா? படத்துல நிக்கியது மத்த பயதானே?"

அது உண்மை. சஜுவுக்கு ஆறவில்லை. எழுத்தை மாற்றலாம், பார்த்தவர்கள் கண்ணில் இருப்பதை எவன் மாற்றுவான்?

"நாளைக்கு வாறேன்," என்றான். "பின்னால இல்ல. நடுவுல நிப்பேன். எனக்க கிட்டாரு, எனக்க பிக்கு. மைக்குல நீ எனக்க பேரு சொல்லணும். சொல்லல்லேன்னா மேடையில வச்சே கேப்பேன்."

மறுநாள் மாலை ஐந்தரைக்கு உதியன்குளங்கரை ஜங்ஷனில் கூட்டம் ரோட்டை எட்டியிருந்தது. சஜு சட்டையை மட்டும் மாற்றியிருந்தான். இடது விரல்களில் புதுப் பிளாஸ்டர். விபின் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்து கடைசியில் ஒரு நொடி நின்றான். சஜு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேஸ்... சஜு. ஆரியங்கோடு. பாட்டுல அடிச்சதும் இவன்தான்."

கைதட்டல் பாதியில் தடுமாறியது. முன்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "எலே, வீடியோவில உள்ள ஆளு எங்க? இது யாருடே?"

விபின் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். அதற்குள் சஜு கையோரத்தைக் கம்பிமேல் அழுத்தி முதல் அடியை இறக்கிவிட்டான்.